தாழைப் புதருக்குள் நின்ற பச்சை என்ஜின்

வருடத்தில் பெரும்பகுதி நான் ரயில்வேக்காரி. கொச்சுவேளி யார்டில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஷெட்டில் என்ஜினியர் வேலை. ஒரு மாதம் மட்டும் ராணுவக்காரி. ரயில்வே ஊழியர்களுக்கென்று பகுதிநேர ராணுவப் பிரிவு ஒன்று இருக்கிறது என்பதே எங்கள் வலியசாலைத் தெருவில் பலருக்குத் தெரியாது. போரோ பெருவெள்ளமோ வந்து, வழக்கமான ஆட்களால் ரயில் ஓட்ட முடியாமல் போனால் நாங்கள் ஓட்ட வேண்டும். அதற்காகத்தான் வருடந்தோறும் முகாம். காலையில் அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி. அதன் பிறகு உடைந்த தண்டவாளத்தை ஒட்டவைப்பதும், தடம் இறங்கிய வேகனைத் தூக்கி ஏற்றுவதும்.

நான் அதிகாரியாகச் சேர்ந்த முதல் முகாம் எங்கள் ஊரான திருவனந்தபுரத்திலேயே நடந்தது. பச்சை உடுப்போடு வாசலில் இறங்கியபோது என் கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விழிஞ்ஞம் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகள் வந்து போவதைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் அவருக்கு வேலை. எதையும் லேசில் பாராட்ட மாட்டார்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா இதப் போட்டுண்டு காய்கறிக் கடைக்குப் போயிடாதே. அவன் சல்யூட் அடிச்சுட்டு வெலையக் கூட்டிச் சொல்லிடுவான்."

முகாம் தொடங்குவதற்கு முன்பே பயிற்சிக்கு இடம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. என்னுடன் வந்தவர் சுபேதார். நாஞ்சில் நாட்டுக்காரர். மற்ற மாதங்களில் நாகர்கோவில் பக்கம் தண்டவாளப் பராமரிப்பு மேற்பார்வை அவருக்கு. கடலை ஒட்டி, மூடிக் கிடந்த பழைய ராணுவப் பண்டகசாலை ஒன்றின் பின்புறம் போனோம். ஒரு காலத்தில் யார்டிலிருந்து அதற்குள் ஒரு கிளைப் பாதை ஓடியிருக்கிறது. இப்போது கால்வாசி மணலுக்கு மேலே, மீதி மணலுக்கு அடியில். உடைத்து உடைத்துச் சரிசெய்து பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது சுபேதார் நின்றுவிட்டார்.

"மேடம், அங்கன பாருங்க. தாழைக்குப் பொறத்த என்னமோ பச்சையா நிக்கு."

நான் செடி என்றேன். அவர் கையிலிருந்த கழியால் தாழை மடல்களை விலக்கினார். அதற்குள் கண்ணாடி போன ஒரு ஜன்னல் தெரிந்தது. அதற்குக் கீழே இரும்புப் படி. முள் கையைக் கிழித்ததுகூட உறைக்காமல் உள்ளே புகுந்தேன்.

சின்ன டீசல் என்ஜின். நான்கே சக்கரங்கள். இப்போதைய என்ஜின் பக்கத்தில் நிறுத்தினால் யானை பக்கத்தில் கன்றுக்குட்டி போலிருக்கும். உடம்பு முழுக்க ராணுவப் பச்சை, உப்புக்காற்று தின்ற இடங்களில் செம்பழுப்பு. பண்டகசாலைக்குள் வேகன்களை இழுக்க வைத்திருந்த வண்டி. பண்டகசாலை மூடப்பட்டபோது இதை நின்ற இடத்திலேயே விட்டுப் போயிருக்கிறார்கள்.

மூடியைத் திறந்து பார்த்தேன். திருடர்கள் செம்புக் கம்பியை உருவிப் போயிருந்தார்கள். ஆனால் என்ஜின் முழுசாக இருந்தது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இழுத்தால் நுனியில் எண்ணெய் ஒட்டியிருந்தது. கறுப்பாக, கெட்டியாக, ஆனால் எண்ணெய்.

"சுபேதார் சாப், இது ஓடும்."

"ஓடும்னா சொல்லுதீங்க? மொதல்ல இது நகரட்டும்."

அன்று மாலையே மேஜரைப் போய்ப் பார்த்தேன். முகாமின் தலைவர் அவர். ரயில்வேயில் போக்குவரத்து அதிகாரி. கொல்லத்துக்காரர், தமிழை மலையாளத்தின் தாளத்தில் பேசுவார். இந்த என்ஜினைப் பற்றி அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த நிலத்தைக் காலி செய்யப் போகிறார்கள், முகாம் முடிந்ததும் என்ஜினை நின்ற இடத்திலேயே வெட்டி எடுக்க ஆக்ரிக்காரரிடம் சொல்லியாயிற்று என்றார். பழைய இரும்பு வாங்குபவரை இங்கே அப்படித்தான் சொல்வோம்.

"சார், வழக்கமா நல்லா நிக்கிற வேகனை நாமளே தள்ளிவிட்டு, நாமளே ஏத்துறோம்" என்றேன். "அதுக்குப் பதிலா இதைக் கொடுங்க. குண்டு விழுந்த யார்டுல ஒரு என்ஜின் மாட்டிண்டிருக்குன்னு வச்சுக்குங்க. பாதையைப் போட்டு அதை மீட்டு வெளியே கொண்டுவரணும். இதைவிட நல்ல பரீட்சை உண்டா?"

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே யோசித்தார்.

"ஐடியா கொள்ளாம், நல்லாருக்கு. பக்ஷே கிரேன் கிடையாது. கையும் ஜாக்கியும் மட்டும். முகாம் முடியறதுக்குள்ள யார்டுல இருக்கற நம்ம பயிற்சி லைனுக்கு வந்தா, நான் மேலே எழுதி நமக்கே வாங்கிடறேன். வரலைன்னா ஆக்ரிக்காரனுக்கு. சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லி முடிப்பதற்குள் சல்யூட் அடித்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து முகாமே மணலைத் தோண்டியது. டிக்கெட் பரிசோதகர்கள், சிக்னல்காரர்கள், என்ஜின் ஓட்டுநர்கள் என்று எல்லோரும் மண்வெட்டியும் கூடையுமாக நின்றார்கள். அடியிலிருந்த மரக்கட்டைகள் பிட்டு மாதிரி உதிர்ந்தன. அவற்றை மாற்றி, தண்டவாளத்தை நிமிர்த்தி, ஜல்லி போட்டு இடிக்க வேண்டும். சுபேதார் கொடுக்கிற குரல் கடல் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும். "மக்கா, கம்பியத் தூக்கும்போது ஒண்ணா தூக்கணும். ஒருத்தன் மட்டும் வீரம் காட்டினா இடுப்பு ஒடிஞ்சு போவும்."

என் வேலை வண்டிக்கு அடியில். என்ஜின் இறுகிப்போயிருந்தது, கியரும் சிக்கியிருந்தது. அப்படியே இழுத்தால் சக்கரம் உருளாது, உரசிக்கொண்டு வரும். கியர்ப்பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டைக் கழற்றியாக வேண்டும். மல்லாந்து படுத்து, கண்ணில் துரு கொட்ட, ஒவ்வொரு போல்ட்டாக எண்ணெய் ஊற்றி ஊறவைத்து முறுக்கினேன். கடைசி போல்ட் அசையவே இல்லை. நீளமான இரும்புக் குழாயை ஸ்பேனரில் செருகி, அதன் மறுமுனையை இரண்டு பேர் வெளியிலிருந்து அழுத்தினார்கள். டப்பென்று ஒரு சத்தம். போல்ட் உடைந்ததா கழன்றதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். கழன்றிருந்தது. மணலில் அப்படியே கிடந்து சிரித்தேன். மேலே நின்ற பையன்கள் எனக்கு அடிபட்டுவிட்டதென்று பயந்து குனிந்து பார்த்தார்கள்.

இழுத்த நாளில் எல்லா அணிகளும் வந்துவிட்டன. முன்னால் கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் வின்ச், இரண்டு பக்கமும் கப்பல் கயிறு. அந்தக் கயிற்றை என் கணவர்தான் துறைமுகத்தில் கேட்டு வாங்கி, ஸ்கூட்டரில் சுருட்டி வைத்துக் கொண்டுவந்தார். சுபேதார் கொடியைத் தாழ்த்தினார். கயிறு விறைத்தது, முறுகியது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை. பிரேக் கட்டை சக்கரத்தை விட்டு விலகும் சத்தம், காய்ந்த கதவு திறப்பதுபோலக் கேட்டது. தண்டவாளத்தின் மேல் ஒரு விரற்கடை அகலம் புதுசாகப் பளபளத்தது. சக்கரம் உருண்டிருக்கிறது. யாரோ கூவிக்கொண்டு ஓடிவந்து சுபேதாரைக் கட்டிக்கொண்டார். "விடுல, கயித்தப் பிடி" என்று அவர் தள்ளிவிட்டார். ஆனால் அவர் முகம் மலர்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

முகாம் முடிய இரண்டே நாள் இருக்கையில் அது தடம் இறங்கியது. வளைவில், நாங்கள் புதிதாக இடித்த ஜல்லி இறங்கிவிட, முன் சக்கரங்கள் இரண்டும் நிதானமாகக் கட்டைகளுக்கு நடுவே இறங்கி உட்கார்ந்துகொண்டன. எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது. தோண்டியவர்களின் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ஆக்ரிக்காரர் அன்றைக்கென்று பைக்கில் வந்து, நிழலில் நிறுத்தி, வெட்ட வேண்டிய இடங்களைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

மேஜர் வந்தார். சுற்றி ஒரு நடை நடந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இதுதானே சிலபஸ்?" என்றார். "தடம் இறங்கின வண்டியை ஏத்தறது. யாரும் தள்ளிவிடாமலே தானா இறங்கித் தந்திருக்கு. ஏத்துங்க."

அவ்வளவுதான், கூட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. ஜாக்கிக்கு அடியில் மணல் நழுவியது. கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி மேடை கட்டினோம். தூக்கு, கட்டை செருகு, இன்னும் தூக்கு, மறுபடி செருகு. சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் தலைக்கு மேலே வந்ததும் பக்கவாட்டில் தள்ள வேண்டும். நான் தண்டவாளத்தோடு கன்னத்தை வைத்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு நூல். நில்லுங்க. இறக்குங்க. பைய, பைய."

இரும்பு இரும்பின் மேல் உட்கார்ந்த சத்தம் என் பல்லில் கேட்டது. எழுந்து திரும்பினால் ஆக்ரிக்காரர் எங்கள் ஆட்களோடு நின்று கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எப்போது வந்து சேர்ந்துகொண்டார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"எனிக்கு வந்த கோளு போச்சு" என்றார், சட்டையில் கையைத் துடைத்தபடி. "என்னாலும் காணான் ரசமுண்டு, மேடம்." கைக்கு வந்த வரும்படி போனாலும் பார்க்க ரசமாகத்தான் இருக்கிறதாம்.

கடைசி நாள் மத்தியானம் அந்த என்ஜின் எங்கள் பயிற்சி லைனில் வந்து நின்றது. மேஜர் அங்கேயே ஜீப்பின் மேல் காகிதத்தை வைத்துக் கடிதம் எழுதினார். சில வாரங்களில் அனுமதி வந்துவிட்டது. பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், சொந்த முயற்சியில் பராமரிக்க வேண்டும் என்று.

அதன் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்குத்தான். சுபேதார் நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் வந்துவிடுவார். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். வாரத்துக்கு ஒருமுறை கடப்பாரையால் என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனத்த ஃப்ளைவீல் சக்கரத்தை நெம்பிப் பார்ப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது துளி நகர்ந்தது. அடுத்த வாரம் முழுச் சுற்று சுற்றியது. குழாய்களை மாற்றினோம், கம்பிகளைப் புதிதாக இழுத்தோம், சக்கர அச்சுகளுக்கு எண்ணெய்ப்பஞ்சு வைத்தோம். விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் படகு என்ஜின் பார்க்கும் கடைகளில் என் கணவர் வாஷர் தேடி அலைந்தார். "ஆத்துக் குழாய் ஒழுகறது, அதுக்கு ஒரு வாஷர் தேட நாதியில்லே" என்று சொல்லிக்கொண்டே அலைந்தார்.

முதல் முறையாக உயிர்ப்பிக்கிற அன்று நல்ல மழை. மேஜர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பொத்தானை அழுத்தினேன். மோட்டார் முனகியது, நின்றது. இரண்டாவது முறை புகைபோக்கியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு இருமல். எரிபொருள் குழாயில் காற்று நிற்கிறது என்று தோன்றியது. திருகைத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வழிகிறவரை பம்ப் அடித்தேன். மூன்றாவது முறை அழுத்தியபோது ஒரு சிலிண்டர் வெடித்தது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம் சேர்ந்து தடதடவென்று பிடித்துக்கொண்டன. புகைபோக்கியில் கூடு கட்டியிருந்த குப்பை அத்தனையும் மேஜரின் குடைமேல் விழுந்தது. அவர் நகரவில்லை. குடையை மடக்கி, மழையில் நனைந்தபடி கைதட்டினார்.

"எடுங்க மேடம்" என்று சுபேதார் கீழேயிருந்து கத்தினார். "லைன் கிளியர்."

கியரைப் போட்டு பிரேக்கை விட்டேன். ஒரு குலுக்கல். அப்புறம் பக்கத்திலிருந்த ஷெட் சுவர் பின்னால் போகத் தொடங்கியது. நடக்கிற வேகம்தான். சுபேதார் கொடியோடு பக்கத்திலேயே நடந்துவந்தார். என் கணவர் மறுபக்கம், செல்போனில் படம் எடுத்தபடி, சேற்றில் கால் வைப்பது தெரியாமல் ஓடிவந்தார். லைனின் முடிவுவரை போனேன். திரும்பி வந்தேன். போதாது என்று மறுபடியும் போனேன்.

இப்போது ஒவ்வொரு முகாமிலும் புதிதாகச் சேருகிறவர்கள் வண்டி ஓட்டக் கற்பது அதில்தான். மிகவும் கவனமாகத் தடம் இறக்கி, மிகவும் கவனமாக ஏற்றவும் செய்கிறோம். போன முகாமில் கொல்லத்திலிருந்து வந்த ஒரு சிக்னல்காரப் பெண் முதல் தடவை அதன் கைப்பிடியைப் பிடித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். வண்டி நகர்ந்ததும் அவள் என்னைப் பார்த்து, "மேடம், இது என் கைக்குள்ள துடிக்குது" என்றாள். ஆமாம் என்று சொல்லி, முன்னால் பாதையைப் பார்க்கச் சொன்னேன்.