றெஜியும் கிழட்டுப் புரோகிராமும்

"கோவிக்காதை ராசா, கோவிக்காதை" என்று கணினியின் முதுகில் தட்டிக்கொடுத்தபடி றெஜி மேசைக்கடியில் தவழ்கிறார். ஐம்பதைத் தாண்டிய ஆள். புத்தூரில் கணினி திருத்துகிறவர். இன்று தவழ்வது சாத்திரியார் கதிரவேலு வீட்டில். மாதத்தில் பாதி நாள் இங்கேதான் தவழ்வார்.

காரணம், தொண்ணூற்றெட்டில் எழுதிய ஒரு சாதகப் பொருத்தப் புரோகிராம். எழுதியவர் கனடா போய் இப்போது கேக் அடித்து விற்கிறார். தொலைபேசியில் உதவி கேட்டால், "அதை இன்னுமோ வைச்சிருக்கிறியள்?" என்று சிரிக்கிறார். கைப்பேசிக்குப் புதுசுகள் இலவசமாகக் கிடைக்கின்றன; ஆனால் அவை கணிப்பது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி. சாத்திரியாரிடம் வருகிறவர்களோ பரம்பரை வாக்கிய பஞ்சாங்கக்காரர். அவர் கையால் கணித்துக் கொடுத்தாலும் ஏற்கமாட்டார்கள். "கொம்பியூட்டர் என்ன சொல்லுது?" என்பார்கள். ஆக, ஊர்க் கலியாணம் எல்லாம் கிழட்டுப் புரோகிராம் புதுக் கணினியில் ஓடுவதை நம்பி இருக்கிறது.

றெஜி அதை ஓட்டும் விதம் தனி. "புதுக் கொம்பியூட்டர் பழசிட்டைப் பொய் சொல்லோணும் தம்பி. 'நானும் உன்ரை காலத்து ஆள்தான், இது தொண்ணூற்றெட்டு' எண்டு. உண்மை தெரிஞ்சா உது படுத்திடும்" என்று எனக்கு விளக்குவார். புரோகிராமுக்குச் சந்தேகம் வராமலிருக்கத் திரையின் பின்னணியாக அந்தக் காலத்துக் கணினிப் படத்தையே போட்டிருக்கிறார். அது ஓடும்போது பக்கத்தில் யாரும் இந்த வருடத்துப் புதினம் கதைக்கக் கூடாது. ஒருமுறை சாத்திரியாரின் மகள் உதயகலா டொலர் விலையைச் சொல்லப்போக, அவளை முற்றத்துக்கு அனுப்பிவிட்டார்.

இத்தனைக்கும் றெஜி மெதடிஸ்த தேவாலயத்தில் முன்வரிசைக்காரர். திரையில் பொருத்தம் வரும் நேரம் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ஓட்டுறது என்ரை வேலை. அது சொல்லுறது அவையின்ரை பாடு." ஆனாலும் அப்டேற் போடுமுன் சாத்திரியாரிடம் ராகுகாலம் கேட்காமல் விடமாட்டார். "நான் நம்புறேல்லைத்தான். எண்டாலும் வில்லங்கம் ஏன்?"

இன்று அவர் முகத்தைத் திருப்பவில்லை. அவருடைய ஒரே மகள் நிரோஜா, கூட வேலைசெய்யும் செந்தூரனை விரும்புகிறாள். செந்தூரனின் தாய் குணலட்சுமிக்குச் சமயம் ஒரு பிரச்சினையே இல்லை. "வேதக்காரப் பிள்ளையெண்டாலென்ன, பொருத்தம் இருந்தாக் காணும்" என்று சொல்லிவிட்டார். பொருத்தம் இல்லையென்றால் கலியாணமும் இல்லை; அதைப் பார்க்கத்தான் அவரும் இன்று இங்கே வந்திருக்கிறார். செந்தூரன் தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை. நிரோஜா சில நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. சும்மா பார்க்கப் போன நானே திரைக்குக் கிட்டப் போய் நின்றேன்.

நிரோஜாவும் செந்தூரனும் பிறந்த நேரங்களைச் சாத்திரியார் தட்டினார். கணினி முனகியது. பிறகு எழுத்து வந்தது: பொருத்தம் இல்லை.

குணலட்சுமி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சாத்திரியார் முகட்டைப் பார்த்தார். அப்போது புதுக் கணினி, பழைய புரோகிராம் ஓடி முடிகிற ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்வியைக் கேட்டது: புரோகிராம் சரியாக வேலை செய்ததா? கீழே இரண்டு பதில்கள். ஆம், இப்படியே வைத்திரு. இல்லை, வேறு விதமாக முயன்று பார்.

"இருங்கோ அக்கா, உது இன்னும் சரியா ஓடேல்லை" என்று சொல்லிக்கொண்டே, றெஜி மவுஸைப் பிடித்து இரண்டாவது பதிலை அமத்தினார்.