வெள்ளிக்கிழமைப் பட்டாணி

பார்சல் சோறு கட்டி விற்கிறவளுக்கு ஒரு குறை எப்போதும் உண்டு: தான் சமைத்ததை யார் சாப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டுப் பந்தி என்றால் எதிரே இருக்கிறவரின் முகத்தைப் பார்த்தே உப்புக் கூடினதைக் கண்டுபிடித்துவிடலாம். பார்சலுக்கு முகம் கிடையாது. விடிய எழும்பி அடுப்போடு மல்லுக்கட்டுகிற என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தெல்லிப்பழையில் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட எங்கள் வீடு. மற்ற நாட்களில் மீன் பார்சல். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும், அதில் பட்டாணி கட்டாயம். சோற்றை நான் போட, பொட்டலம் மடிக்கிறவர் என் கணவர். ஓய்வுபெற்ற ஆசிரியர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவக் குடும்பம். நானோ நீர்வேலியில் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். இவரைத்தான் கட்டுவேன் என்று நான் சொன்ன அன்று, என் அக்கா வாசல் படலையடியில் நின்று ஒரேயொரு வசனம் சொன்னார்: "இனி உன்ரை கையாலை ஒரு வாய் தண்ணியும் குடிக்கமாட்டன்."

பத்தொன்பது வருடமாயிற்று. இடையில் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். படலை திறக்கவில்லை. அக்கா கலியாணம் கட்டவில்லை. அப்பாவின் வாழைத்தோட்டத்தோடு தனியாக இருக்கிறார். ஓட்டோவில் போனால் அரை மணித்தியால ஓட்டம். கனடாவில் இருக்கிற சொந்தக்காரரோடு தினமும் கதைக்கிறேன். அரை மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற அக்காவின் குரல் எப்படியிருக்கும் என்பது மறந்துகொண்டு வருகிறது.

என் பட்டாணிக் கறிக்கு ஊரில் நல்ல பெயர். அது என் கறி அல்ல, அக்காவிடம் களவெடுத்தது என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

*செடியில் தின்றவள்*

காய்ந்த பட்டாணிதான் எங்களுக்குக் கிடைக்கிறது. வியாழன் பின்னேரம் ஊறப்போட்டால் வெள்ளி விடிய உருண்டு திரண்டு நிற்கும். ஒரு தரம் கூடுதலாக ஊறவைத்துவிட்டு, மிச்சத்தை அவித்து, கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து, தேங்காய்ச் சொட்டு வெட்டிப் போட்டுச் சுண்டலாக்கி, ஆஸ்பத்திரியிலிருந்து பார்சல் எடுக்க வந்த பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்தேன்.

அவர்களில் ஒருத்தி புதிதாக வந்த தாதி. நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளை. பட்டாணியைச் செடியிலேயே பிடுங்கி, கோதை உடைத்துப் பச்சையாகத் தின்று வளர்ந்தவள். காய்ந்ததைக் கொடுத்து அவளிடம் அவமானப்படப் போகிறேன் என்று நினைத்தேன். அவள் ஒரு பிடி வாயில் போட்டாள், மெல்லுவதை நிறுத்தினாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னொரு பிடி அள்ளிக்கொண்டே சொன்னாள்: "காஞ்சதா இருந்தா என்னக்கா, மென்னா எங்க ஊரு வாசம் வருதே."

*கனடாக்காரரின் குறை*

லீவில் வந்த ஒருவர், தாயை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தவர், ஒரு மாதம் எங்களிடம் சாப்பிட்டார். முதல் வெள்ளிக்கிழமை பொட்டலத்தை எங்கள் விறாந்தையில் இருந்தே பிரித்தார். அன்றைக்குப் பட்டாணிப் பால்கறி. பெரிய வேலை ஒன்றுமில்லை. அவித்த பட்டாணி, வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு துளி மஞ்சள்; இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, முதற்பாலை விட்டவுடன் இறக்கி, வறுத்து இடித்த பெருஞ்சீரகத்தைத் தூவி, தேசிக்காய்ப் புளி விடவேண்டியதுதான்.

மனிதர் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "கனடாவிலை பச்சைப் பட்டாணி தாராளமாக் கிடைக்குமே, வீட்டிலை சமைக்கிறேல்லையோ?" என்று கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பிறீசர் நிறையக் கிடக்கு அக்கா. வெள்ளிக்கிழமைதான் இல்லை."

*சட்டிக்கு என்ன சமயம்?*

வெள்ளிக்கிழமைக்கென்று எங்கள் குசினியில் தனிச் சட்டிகள் இருக்கின்றன. மீன் மச்சம் பட்ட சட்டியில் நான் வெள்ளிக்கிழமை சமைப்பதில்லை. வாங்குகிறவர்கள் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள் என்று இல்லை. நீர்வேலி வீட்டில் அப்படித்தான் இருந்தது, எனக்கும் அப்படித்தான் இருக்கவேண்டும், அவ்வளவுதான். கோயிலுக்குப் போவது குறைந்துவிட்டது. சட்டியையாவது விடாமல் பிடித்திருக்கிறேன்.

ஒரு வியாழன், நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் இவருக்கு என் மேல் அன்பு பொங்கிவிட்டது. நான் களைத்து வருவேன் என்று தானே மீன்காரனிடம் கணவாய் வாங்கி, துப்புரவாக்கி, அருமையாகப் பிரட்டி வைத்திருந்தார். எதில்? பட்டாணியும் உருளைக்கிழங்கும் பிரட்டுகிற வெள்ளிக்கிழமைச் சட்டியில்! வாசலிலேயே மணம் பிடித்துவிட்டேன். நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கணவாயை நன்றாகத்தான் சாப்பிட்டேன், அதை மறைக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு அழுதேன். வந்த வழியே திரும்பிப் போய்ப் புதுச் சட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேட்கிற மாதிரியே பொறுமையாகக் கேட்டார்: "கழுவின சட்டிக்கு என்ன சமயம் எண்டு சொல்லும் பாப்பம்."

*ஆறாவது பார்சல்*

ராசன் ஓட்டோ ஓட்டுகிறவர். காலையில் ஆட்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவந்து இறக்கிவிட்டு, மத்தியானம் வீட்டுக்குத் திரும்பும்போது தன் ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கு ஐந்து பார்சல் எடுத்துப் போவார். அவருடைய ஊர் நீர்வேலி என்று கேள்விப்பட்ட அன்று அவருடைய பார்சல்களில் ஒவ்வொரு அகப்பை சோறு கூடப் போட்டேன். ஆனாலும் அக்காவைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. விசாரித்தேன் என்று அக்காவின் காதுக்குப் போனால் அதற்கும் ஒரு கோபம் வரும்.

கணவாய்க் கூத்து முடிந்து ஒரு மாதமிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஆறாவதாக ஒரு பார்சல் வேண்டும் என்றார் ராசன். பட்டாணி கொஞ்சம் கூடப் போடவேண்டுமாம். யாருக்கு என்று கேட்டேன். அவருடைய ஒழுங்கைக்குப் பின்னால் இருக்கிற ஒரு அம்மாவுக்காம். கொஞ்ச நாளாக முழங்கால் நோவாம், அடுப்படியில் நிற்க ஏலாதாம். முழங்கால் நோகாத அம்மா எந்த ஊரில் இருக்கிறார்? நான் அதற்குமேல் யோசிக்கவில்லை. ராசன்தான் போகிற போக்கில் தலையை வெளியே நீட்டி ஒரு நிபந்தனை சொன்னார்: "வெள்ளிக்கிழமைச் சட்டி வேறை எண்டு நீங்கள் சத்தியம் பண்ணினால்தான் எடுப்பாவாம்."

புதுச் சட்டியைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன்.

*அப்பச்சோடா*

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்களில் யார் செய்யாதது? ஒரு வியாழன் கணவரின் சொந்தத்தில் கலியாண வீடு. வந்து படுத்துவிட்டேன். பட்டாணி ஊறப்போடவில்லை. விடிய எழும்பி டின்னைத் திறந்தால் கல்லு மாதிரிக் கிடக்கிறது. சுடுதண்ணீரில் போட்டு, ஒரு கரண்டி அப்பச்சோடாவையும் தட்டிவிட்டேன். வெந்தது உண்மை. வெந்து, கரைந்து, பாதி களியாகிவிட்டது. பெருஞ்சீரகத்தை இரட்டிப்பாகத் தூவி அனுப்பிவிட்டேன். மிஞ்சினதைப் பிசைந்து, கிழங்கு சேர்த்துக் கட்லட் பொரித்தேன். இவர் அதை விசேஷப் பலகாரம் என்று நினைத்துச் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தப்பிவிட்டேன் என்றுதான் இருந்தேன். திங்கட்கிழமை ராசன் வந்து, ஓட்டோவை நிறுத்தாமலே, அந்த முழங்கால் நோகிற அம்மா சொல்லிவிட்டதை அப்படியே ஒப்புவித்தார்: "சோடா போட்டவளோ எண்டு கேக்கச் சொன்னவ. சின்னனிலையும் உப்பிடித்தானாம், எல்லாத்துக்கும் அவசரமாம்."

*போத்தல்*

சின்ன வயதிலிருந்தே என்னை அவசரக்காரி என்று திட்டுகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான். நாலு மாதமாக, வெள்ளிக்கு வெள்ளி, அக்கா என் கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நானோ எவரோ ஒரு அம்மா என்று நினைத்து, அவசரத்தில் அப்பளத்தை நொறுக்கி, ஒரு நாள் உப்புக் குறைவாக, ஒரு நாள் சோறு குழைந்து, இப்போது சோடாவும் போட்டு அனுப்பியிருக்கிறேன். தெரிந்திருந்தால் எப்படிச் சமைத்திருப்பேன்! அக்காவைப் பார்க்கவேண்டும் என்று அன்றைக்கு வந்த ஆசை சின்னப்பிள்ளைக்கு வருகிற ஆசைதான். முழங்காலுக்கு எண்ணெய் பூச யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை பட்டாணி முறைப்படி ஊறியது, முறைப்படி வெந்தது. முதற்பால் விட்டவுடன் இறக்கினேன். பார்சலோடு ஒரு சின்னப் போத்தலும் வைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டது. கடிதம் கிடிதம் ஒன்றும் எழுதவில்லை. அக்கா அதைக் குடித்தால் அடுத்த நாளே போய்ப் படலையில் நிற்பது என்று முடிவெடுத்திருந்தேன். இவர் பொட்டலத்தை மடித்தபடியே போத்தலைப் பார்த்தார். அதன் மூடியை இன்னொரு தரம் இறுக்கிவிட்டார்.

பின்னேரம் ராசன் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தார். மூடி திறக்கப்படவில்லை. தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை. ஒரு போத்தலைப் பார்த்து என் முகம் ஏன் இப்படி மாறுகிறது என்று விளங்காமல், அவர் அக்கா சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்: "தண்ணி குடிக்கமாட்டன் எண்டுதான் சொன்னனான். பட்டாணியைப் பற்றி நான் அண்டைக்கு ஒண்டும் கதைக்கேல்லை. அடுத்த வெள்ளிக்கும் அனுப்பச் சொல்லு."

யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாததுதான் இந்தத் தொழிலின் குறை என்று தொடக்கத்தில் சொன்னேன். தெரிந்துவிட்டால் அதைவிடப் பெரும் பாடு. இப்போதெல்லாம் வியாழன் பின்னேரம் பட்டாணியை ஊறப்போட்டுவிட்டு, அது ஊறுகிறதா என்று நாலு தரம் எழும்பிப் போய்ப் பார்க்கிறேன்.