அம்சம் மகள் பார்த்த தொட்டி

செம்மொழி எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. தஞ்சாவூரில் ஒரு சோதனை நிறுவனத்தில் வேலை. ரைஸ்மில், ஐஸ் ஃபேக்டரி என்று டீசல் தொட்டி தரைக்குமேல் இருக்கிற இடங்களுக்குப் போய், அது இன்னும் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சுத்தியலால் தட்டுவாள். தகட்டின் கனத்தைக் கருவி வைத்து அளப்பாள். சுடிதார் அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் மல்லாந்து படுத்துத் தொட்டியின் அடிவயிற்றில் டார்ச் அடிப்பாள். யாராவது பெயின்டைக் காட்டி, “புதுசு மாதிரி இருக்கு பாருங்க” என்றால், “மேக்கப் போட்டா எல்லாருமே புதுசுதாங்க” என்பாள். முதலாளிகளுக்கு அவளைக் கண்டாலே வயிற்றில் புளியைக் கரைக்கும்.

அவள் அம்மா அம்சத்துக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. மன்னார்குடிக்குப் பக்கத்து ஊர். பாதி ஆயுளை அடுத்தவர் வயலில் நடவு நட்டே கழித்தவள், இந்த வருஷம்தான் துணிந்து மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், குத்தகைக்கு எடுத்திருந்தாள்.

அப்பேர்ப்பட்ட செம்மொழி சறுக்கியது சொந்த ஊரில்தான். சித்திரை வெயிலில் துரைராசுவின் ரைஸ்மில் தொட்டியைப் பார்க்கப் போனாள். அவர் கேட்டுக்கே வந்துவிட்டார்.

“வாங்க வாங்க மேடம். வேலை எங்க ஓடிடப் போவுது? மொதல்ல சாப்பிடுவோம்.”

மில்லை ஒட்டியே வீடு. அந்த வீட்டின் கொல்லைப்புறம் செம்மொழிக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அம்மாவோடு கூலிக்காக அங்கே நின்றிருக்கிறாள். கூடம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். மேசையில் தலைவாழை இலை. துரைராசுவின் மனைவி மங்களாம்பிகை பக்கத்தில் நின்று, “நம்ம அம்சம் பொண்ணா இது! இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கம்மா” என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறினார்.

சோறு நல்ல சோறுதான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வேளைச் சோற்றுக்கு இப்படி உருகலாமா? உருகினாள். ‘இதைப் பார்க்க அப்பா இல்லாமல் போய்விட்டாரே’ என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

பிறகு தொட்டிக்குப் போனார்கள். இரண்டு கான்கிரீட் மேடைகள்மேல் படுத்த வாக்கில் இருக்கும் தொட்டி. ஒரு மேடையை மறைத்து உமி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். தகடு மேடையில் உட்காரும் இடத்தில்தான் மழைத்தண்ணீர் தங்கும், துரு தின்னும். அதைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தேன் என்பது, பல்லைப் பார்க்காமல் மாடு வாங்குகிற கதை. செம்மொழிக்கு இது தெரியாதா என்ன?

“மூட்டைய எடுக்கணும்னா சொல்லுங்க மேடம். ஆளுங்க சாப்பிடப் போயிருக்கானுங்க, கூப்பிடுறேன்” என்றார் துரைராசு. அவர் தடுக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உண்ட வீட்டுக்கு ரெண்டகமா என்று அவள் மனசு கேட்டது. “பரவால்லீங்கய்யா, இருக்கட்டும்” என்றாள். தொட்டியைச் சுற்றிக் கட்டிய சுவரில் மழைத்தண்ணீர் வெளியேற விட்டிருந்த குழாய், வயல்களுக்குப் பாயும் வாய்க்காலைப் பார்த்துத் திறந்து கிடந்தது. அதை மட்டும் மூடச் சொன்னாள். அவரும் தலையாட்டினார். தொட்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆவணியில் நல்ல மழை. மழை விட்ட காலையில், அந்த மில்லில் கூட்டிப் பெருக்கும் ராஜாத்தி போன் செய்தாள். “செம்மொழி, உங்கம்மா நாத்தங்கால்ல எண்ணெ மெதக்குது. பச்சையெல்லாம் செத்துப் போச்சு.”

செம்மொழி ஸ்கூட்டியில் ஊருக்குப் பறந்தாள். வாய்க்கால் கரையில் ஏழெட்டுப் பேர் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் துரைராசு.

“எவனோ ட்ராக்டர வாய்க்கால்ல கழுவியிருக்கான். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? தொட்டிய அம்சம் மகளே வந்து பாத்து, நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போச்சு. வேணும்னா அம்சத்தையே கேளுங்க.”

எல்லோரும் அம்சத்தைப் பார்த்தார்கள். விதைத்த அத்தனையும் போனவள் அவள்தான். சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கணீரென்று சொன்னாள்.

“எம்பொண்ணு பாத்த தொட்டிங்க. அதுல ஓட்டை இருக்காது. ட்ராக்டர்காரன் வேலைதான் இது. எனக்கு யார் மேலயும் வழக்கு இல்ல.”

செம்மொழி அங்கே நிற்கவில்லை. யாரோடும் பேசாமல் மில்லுக்குள் போனாள். உமி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தானே இழுத்துத் தள்ளினாள். கீழ்வரிசை மூட்டைகள் டீசல் குடித்துக் கனத்துப்போயிருந்தன. மேடையை ஒட்டித் தகடு அப்பளமாக உதிர்ந்திருந்தது. துரு இன்று நேற்றுப் பிடித்ததல்ல. சித்திரையிலேயே இருந்திருக்கும். ஒரு கை கொடுத்து மூட்டையை நகர்த்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். குழாயும் மூடப்படாமல் அப்படியே கிடந்தது.

திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் சொன்னாள். “தொட்டிதாங்க ஒழுகுது. அடியில நான் பாக்கல. பாக்காமலேதான் நல்லாருக்குன்னு சொன்னேன்.”

சத்தம் மறுபடி துரைராசு பக்கம் திரும்பியது. நாற்றுக்கு அவர் பொறுப்பேற்றுக்கொண்டதும், செம்மொழி தன் அலுவலகத்தில் தலைகுனிந்து நின்றதும் பிறகு நடந்தவை. அந்த நேரத்தில் அவள் பார்த்தது அம்மாவை மட்டும்தான். அம்சம் யாரையும் பார்க்காமல் வயலில் இறங்கிவிட்டாள்.

செம்மொழியும் பின்னாலேயே இறங்கினாள். “வேணும்னு பண்ணலம்மா. அவங்க கூடத்துல உக்கார வச்சு சாப்பாடு போட்டாங்க. அதுக்கப்புறம் மூட்டைய எடுக்கச் சொல்ல வாய் வரல.” சொல்லும்போதே அவளுக்கு அவமானமாக இருந்தது.

“தெரியும்மா” என்றாள் அம்சம். குனிந்தபடியே இருந்தாள். “ராஜாத்தி அன்னிக்கே வந்து சொன்னா. எம்மவள மேசைல உக்கார வச்சு எலை போட்டாங்கன்னு தெருவெல்லாம் நான்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தொட்டி எப்படியிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை உன்னைக் கேக்கலியே.”

செம்மொழி அம்மா பக்கத்தில் குனிந்தாள். இரண்டு பேருமாகக் கருகிய நாற்றைப் பிடுங்கி வரப்பில் போட ஆரம்பித்தார்கள்.