லென்ஸ் கடகடத்தால் உடைந்துவிட்டது என்று யார் சொன்னது?

எங்கள் பள்ளிப் புகைப்பட மன்றத்தில் கைநடுக்கத்தைச் சமாளிக்கும் லென்ஸ் ஒன்றே ஒன்றுதான். பல வாரம் காத்திருந்து, போன சனிக்கிழமை அது என் முறைக்கு வந்தது. பூமாலை கட்டும் கைகளைப் படமெடுக்க லிட்டில் இந்தியாவுக்குப் போனோம்: நான், வகுப்புத் தோழி ஜெசிந்தா, மன்றத்தின் கருவிகளுக்குப் பொறுப்பான மேல்வகுப்பு பிரகாஷ் அண்ணா.

ஆங் மோ கியோவில் ரயில் ஏறி நியூட்டனில் மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. மாணவர் அட்டைக்குக் கட்டணம் ஒரு சிங்கப்பூர் வெள்ளிகூட ஆகாது. காலை ஒன்பதுக்கெல்லாம் பஃபலோ ரோட்டில் இருங்கள். பத்துக்கு மேல் போனால் பூக்கடைகளில் நீங்கள் வழியை மறைக்கும் ஆள்.

இந்த வகை லென்ஸைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பட்டனைப் பாதி அழுத்தியதும் பக்கத்து அறையில் மின்விசிறி ஓடுவதுபோல மெல்லிய 'உர்ர்ர்'. இடது உள்ளங்கையில் லேசான அதிர்வு. துள்ளிக்கொண்டிருந்த காட்சி சட்டென்று அடங்கி, தண்ணீரில் மிதப்பதுபோல நிற்கும். விரலை எடுத்தால் 'டக்'. பூக்கட்டும் கடைக்காரம்மாவின் விரல்கள் மட்டும் கலங்கி, கூடையிலிருந்த மல்லிகை ஒவ்வொன்றும் படத்தில் தெளிவாக விழுந்தது. லென்ஸ் நம் நடுக்கத்தைத்தான் நிறுத்தும், அவர் வேகத்தை அல்ல.

பதினொரு மணிக்குத் தேக்கா உணவங்காடியில் தோசை சாப்பிடும்போது லென்ஸைக் கழற்றிப் பிரகாஷ் அண்ணாவிடம் கொடுத்தேன். திரும்பி வரும் லென்ஸைக் காதருகே ஆட்டிப் பார்ப்பது எங்கள் மன்றத்தின் வழக்கம், தேங்காய் வாங்குவதுபோல. பிரகாஷ் அண்ணா ஆட்டினார். கடகட.

"கீழ போட்டுட்டியா?"

"இல்லண்ணா."

"அப்ப உள்ள என்ன, கச்சான் கடலையா? பொய் சொல்லாத லா. அடுத்த வாரம் செம்பவாங்குக்குப் படமெடுக்கப் போறப்ப இது உனக்குக் கிடையாது."

எனக்குக் காது சூடானது. தந்ததிலிருந்து அது என் கழுத்திலேயேதான் தொங்கியது. அதன் கையேட்டை இரண்டு முறை படித்தவள் நான். கேமராவில் மாட்டாமல் மின்சாரம் இல்லாதபோது நடுக்கத்தைச் சமாளிக்கும் கண்ணாடி உள்ளே பிடிப்பில்லாமல் ஆடும், சத்தம் வரும் என்று அதில் இருக்கிறது. சொன்னேன்.

"ரொம்பப் படிக்காத," என்றார். அவ்வளவுதான் அவர் விசாரணை.

லென்ஸைக் கேமராவில் மாட்டி, பட்டனைப் பாதி அழுத்தியபடி மெதுவாகச் சாய்த்துக் காட்டினேன். 'உர்ர்ர்' மட்டும்தான், கடகட இல்லை. "அது ரிப்பேர் சத்தம்," என்றார்.

ஜெசிந்தா சட்னியைத் தொட்டுக்கொண்டே, "அண்ணா, உங்க சொந்த லென்ஸையும் ஆட்டுங்களேன். புதுசுதானே," என்றாள்.

அதுவும் இதே வகை, பிறந்தநாளுக்கு அவர் அப்பா வாங்கித் தந்தது. ஆட்டினார். கடகட.

அவர் முகம் வெளுத்தது. என்னைப் பார்த்தார். "இதையும் நீதான் தொட்டியா?"

மன்ற லென்ஸைக் கழற்றி வைத்தேன். என் கேமராவை அவர் பக்கம் தள்ளினேன். அவரே தம் லென்ஸை மாட்டி, அழுத்தி, சாய்த்து, காது கொடுத்துக் கேட்டார். கடகட இல்லை. பிறகு மன்ற லென்ஸை என் பக்கம் நகர்த்திவிட்டு, "தோசை ஆறிடும்," என்றார். செம்பவாங்குக்கு லென்ஸ் என்னுடன் வருகிறது. ஆனால் என்னைப் பொய்க்காரி என்றது இன்னும் அப்படியே இருக்கிறது.

இரவல் லென்ஸோடு போகிறவர்களுக்கு: முக்காலியில் வைத்தால் இந்த வசதியை அணைத்துவிடுங்கள். காணொளி எடுத்தால் அந்த 'உர்ர்ர்' பதிவாகும், மைக்கைத் தள்ளி வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கையில் வாங்கும்போதே கொடுப்பவர் காதருகே ஒரு தடவை ஆட்டிக் காட்டிவிடுங்கள்.