ஏன் அக்காவும் ஆமை வேக மடிக்கணினியும்

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாய் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. தெருவில் எல்லோருக்கும் அவள் ஏன் அக்கா. பால் திரிந்துவிட்டது என்றாலும் ஏன், பஸ் வரவில்லை என்றாலும் ஏன். பதில் கிடைக்கும்வரை எதிரில் இருப்பவரை விடமாட்டாள்.

சென்ற வருடம் அவள் கணவர் காலை நொண்டி நொண்டி நடக்க ஆரம்பித்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயசாகிவிட்டது என்று தெருவே முடிவு கட்டிவிட்டது, அவர் உட்பட.

"வயசு ரெண்டு காலுக்கும்தானே ஆகும்? இடது கால் மட்டும் ஏன் நொண்டுது?" என்று கேட்டவள், அவருடைய இடது ஷூவைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. உள்துணியைப் பிய்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு சட்டைப் பொத்தான். மூன்று வாரமாக அதை மிதித்துக்கொண்டு மனிதர் முதுமையைப் பற்றித் தத்துவம் பேசியிருக்கிறார்.

சலவைக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் ஓர் அறைதான் அவளது தொழிற்சாலை. பன்னிரண்டு ஊசிகள் கொண்ட எம்பிராய்டரி மெஷின் ஒன்று அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். பள்ளிச் சீருடை, நீச்சல் குழு, மருத்துவமனை ஊழியர்கள் என்று நெஞ்சில் முத்திரை வேண்டிய எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். முத்திரையை முதலில் கணினியில் வரைய வேண்டும். அவள் பழகிய வரைகிற மென்பொருள் பதினைந்து வருடப் பழசு. அதைச் செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள். புது மடிக்கணினியில் போட்டால் அது கண்ணையே திறக்காது.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய தம்பி அதற்கு ஒரு வழி செய்து கொடுத்தான். ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு.

"இது பேரு விர்ச்சுவல் மெஷின், அக்கா. புது லேப்டாப்புக்குள்ளயே ஒரு பழைய கம்ப்யூட்டர் குடியிருக்கற மாதிரி வெச்சுக்க. வீடு புதுசு, குடித்தனக்காரர் பழசு. உன் சாஃப்ட்வேர் அவர்கிட்ட சமத்தா ஓடும்."

சமத்தாகத்தான் ஓடியது. ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாய் முரண்டு பிடித்தது. இப்போது சுட்டியை நகர்த்தினால், திரையில் அம்பு யோசித்துவிட்டுக் கிளம்பியது.

அந்த நேரம் பார்த்துத்தான் தீயணைப்பு நிலைய அதிகாரி வந்தார். புதுக் கட்டடம் வெள்ளிக்கிழமை திறக்கிறார்கள். நாற்பத்தைந்து பேருக்கும் புது முத்திரை வேண்டும். "முடியுமாம்மா?" என்றார். "முடியும் சார்" என்று சொல்லிவிட்டாள். அவர் போன பிறகு மடிக்கணினியைத் திறந்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பழைய முத்திரையின் கோப்பு திறந்து கண்ணில் படப் பத்தொன்பது நிமிடம் ஆனது.

"கிளட்ச் வழுக்குது" என்றார் கணவர். அவருக்கு உலகத்தில் ஓடுகிற எல்லாமே பஸ்தான்.

தம்பி தொலைபேசியில், "அக்கா, பேசாம புதுசு வாங்கிடு" என்றான்.

"ஏன்?"

"பழசாயிடுச்சு."

"ரெண்டு வருஷத்துல என்னடா பழசு? காரணம் தெரியாம நான் எதையும் தூக்கிப் போட மாட்டேன். நீ வந்து பார்க்கவும் வேணாம். கேட்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு."

மெஷினில் நூல் அறுந்தால் அவளுக்கு ஒரு முறை உண்டு. ஊசியை மாற்றி ஓட்டிப் பார்ப்பாள். சரியாகவில்லையா, அப்புறம்தான் நூலைத் தொடுவாள். இரண்டையும் ஒரேயடியாய் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. அதையே இங்கும் செய்வது என்று தீர்மானித்து, ஒரு நோட்டில் "திங்கள், 19 நிமிடம்" என்று எழுதினாள்.

"சரி, மெமரி எவ்வளவு குடுத்திருக்க? அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு?" என்றான் தம்பி.

அவள் சற்றே தயங்கினாள். "ஏழு."

"மொத்தமே எட்டு ஜிபி அக்கா! நான் வெச்சது மூணு. யாரு மாத்தினது?"

"மெதுவா போச்சேன்னு நான்தான் ஏத்தினேன். அதிகமா குடுத்தா வேகமா போகும்னு நினைச்சேன்."

"வீட்டுக்காரனை வாசல்ல படுக்க வெச்சுட்டு, குடித்தனக்காரனுக்கு வீடு முழுக்கக் குடுத்திருக்க! லேப்டாப்புக்கே மூச்சு விட இடம் இல்லேன்னா, உள்ள இருக்கிறது எப்படி ஓடும்?"

பழைய கணினியை முறையாக அணைத்துவிட்டு, ஏழு ஜிபியை நான்காக்கினாள். மறுபடி திறந்தாள். பதினொரு நிமிடம். நோட்டில் எழுதினாள். குற்றவாளிகளில் ஒருவன் தானே என்பதையும் நேர்மையாகப் பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அடுத்தவன் பிடிபட்டான். மடிக்கணினியில் இடம் எவ்வளவு மிச்சம் என்று தம்பி பார்க்கச் சொன்னான். ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

"ஸ்னாப்ஷாட் எத்தனை இருக்கு?"

ஸ்னாப்ஷாட் என்பது அந்தப் பழைய கணினியை, அது அந்த நிமிடம் எப்படி இருக்கிறதோ அப்படியே பிடித்து வைப்பது. ஏதாவது கெட்டுப்போனால் அங்கே திரும்பிக்கொள்ளலாம். "முக்கியமான வேலை முடிஞ்சா ஒண்ணு எடுத்துக்க" என்று தம்பி அன்று சொல்லியிருந்தான். அவளுக்கு முக்கியமில்லாத வேலை என்று ஒன்று கிடையாது. பட்டியலைத் திறந்து எண்ணினாள்.

"நூத்து முப்பத்தேழு."

மறுமுனையில் எதுவோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. "டேய், இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன். ஒண்ணு ரெண்டு வெச்சுக்கலாம் அக்கா. இத்தனை இருந்தா, அது ஒரு சின்ன விஷயத்தைத் தேடறதுக்குக்கூட நூத்து முப்பத்தேழு அடுக்கையும் புரட்டணும். முதல்ல மொத்தத்தையும் வெளியில ஒரு டிஸ்க்ல காப்பி எடு. உன் போட்டோ எல்லாத்தையும் அதுலயே தள்ளி இடம் பண்ணு. அப்புறம் ஸ்னாப்ஷாட் எல்லாத்தையும் நீக்கிடு. நடுவுல மட்டும் நிறுத்திடாத."

காப்பி எடுத்து முடித்தாள். நீக்கப் போனவளின் விரல் நின்றது. ஒவ்வொன்றுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். தேதியை யாருக்குப் பிடிக்கும்? அன்றைக்கு நடந்ததைத்தான் வைத்திருந்தாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். இதைக் கேளுங்க. 'ஊசி உடைந்தது.' 'ஊசி உடைந்தது, மறுபடியும்.' 'பெரிய மழை, யாரும் வரவில்லை.' 'அவர் சமைத்தார்.' அடுத்தது, 'அவர் சமைத்தார், உப்பு.'"

"அதையும் போட்டு வெச்சிருக்கியா?" கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "'பொத்தான் கிடைத்தது'ன்னு ஒண்ணு இருக்கே, அது என்ன?"

"உங்க முதுமைதான்."

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து நூற்று முப்பத்தேழையும் படித்தார்கள். 'சண்டை' என்று பதினான்கு இருந்தன. எதற்குச் சண்டை என்று ஒன்றுகூட இருவருக்கும் நினைவில்லை. அதற்கும் ஒரு சிறு சண்டை நடந்தது. பிறகு பெயர்களை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு, நீக்கு என்ற பொத்தானை அழுத்தினாள். புதன்கிழமை காலை பதினொரு மணி வரை மடிக்கணினி அதை மென்று விழுங்கிக்கொண்டே இருந்தது. அவள் மூடியைக்கூடத் தொடவில்லை.

முடிந்ததும் திறந்தாள். இரண்டே நிமிடம்! எழுந்து நின்று கைதட்டினாள். சாவிக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தீச்சுடரும் ஏணியும் பின்னிய முத்திரையை வரைய ஆரம்பித்தாள். இருபது நிமிடம் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அம்பு தள்ளாடியது. கோடு போட்டால் கோடு வரவில்லை. அணைத்துவிட்டு அரை மணி கழித்துத் திறந்தால் மறுபடி வெண்ணெய். இருபது நிமிடத்தில் மறுபடி கல். அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று நாளில் முதல் தடவையாக, தம்பி சொன்னபடி புதுசே வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது. நாளை மறுநாள் வெள்ளி.

கணவர் வந்து மடிக்கணினியின் வயிற்றில் கை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"கொதிக்குதும்மா. கிளம்பும்போது நல்லா ஓடி, கொஞ்ச தூரம் போனதும் இழுவை விட்டுப்போச்சுன்னா என்ன அர்த்தம்? ரேடியேட்டர் அடைச்சிருக்கு."

"இது பஸ் இல்லீங்க."

"காத்து வேணும்ல இதுக்கும்?"

அவள் கண்ணைத் திறந்தாள். தம்பியைக் கேட்டாள். சூடு மிஞ்சினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றான் அவன். "மாமாவா சொன்னாரு?" என்று இரண்டு தடவை கேட்டான்.

அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பொடித் திருகாணிகளைக் கழற்றி ஒரு தட்டில் வரிசையாக வைத்தார்கள். அடிமூடியைத் தூக்கினார்கள். காற்றாடியைச் சுற்றி ஒரு மெத்தை. இரண்டு வருடம் மெஷின் பறக்கவிட்ட நூல்தூசு எல்லாம் படிந்து, விரல் கனத்துக்கு இறுகிப்போயிருந்தது. நீச்சல் குழுவின் நீலம், மருத்துவமனையின் பச்சை, பள்ளிக்கூடத்தின் மஞ்சள். கணவர் அதை முழுதாக உரித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்லா நெய்திருக்கே" என்றார்.

தூரிகையால் சுத்தம் செய்து மூடினார்கள். அன்று மாலைக்குள் முத்திரை வரைந்து முடிந்தது. வியாழக்கிழமை முழுக்கப் பன்னிரண்டு ஊசிகளும் ஓயவில்லை. மடிக்கணினியை அவள் மெஷினைவிட்டுத் தள்ளி, ஜன்னலோரம் உயரமாய் ஒரு பலகையில் ஏற்றிவைத்தாள். வெள்ளி காலை அதிகாரி வந்து எண்ணி வாங்கிக்கொண்டு, ஒன்றைத் தன் சட்டையில் வைத்துப் பார்த்து, "புதுக் கம்ப்யூட்டர் வாங்கிட்டீங்களாம்மா?" என்றார். அவள் பதில் சொல்வதற்குள், "ரேடியேட்டர்ல அடைப்பு சார்" என்று கணவர் ஆரம்பித்துவிட்டார். அடுத்த இரண்டு நாளும் தெருவில் அதே பேச்சுதான். ஸ்னாப்ஷாட் என்ற சொல்லே அதில் வரவில்லை. அவளும் திருத்தப் போகவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் கோப்பைத் திறந்தாள். உடனே திறந்துகொண்டது. நிறம் தேர்ந்து முதல் கோடு போடும்போது கணவர் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து நின்றார். ஆறு மாதமாக அது திறக்கிற நேரத்தில்தான் இருவரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்குள்ள திறந்துடுச்சா?" என்றார். குரலில் ஒரு சின்ன ஏமாற்றம்.

அவள் மடிக்கணினியை மூடினாள். "அது கெடக்கட்டும். உட்காருங்க. சாவிக் கடைக்காரர் ஏன் ரெண்டு நாளா கடையே திறக்கல?"