இடது பக்கத்து ஷிப்ட்

போன வாரம் செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் மேசைப் பையன் லேப்டாப்பிடம் பேசிக்கொண்டே இருக்கிறான். அது பாட்டுக்கு புரோகிராம் எழுதித் தள்ளுகிறது. கீபோர்டில் அவன் விரல் படவே இல்லை. அடப்பாவி, ஒரு குறிக்காக நாங்கள் எவ்வளவு சண்டை போட்டோம்!

அந்தக் காலத்தில் தேரடித் தெருவில் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். சன்னதிக்குப் போவதுபோல் செருப்பைக் கீழேயே விட்டு ஏற வேண்டும். கற்பூர வாசனை ஜன்னல் வழியாக வரும். எனக்கும் வேலுவுக்கும் சேர்த்து ஒரே மெஷின். வேலுவுக்குச் சின்ன வயதிலேயே இடது கை விளங்காமல் போய்விட்டது. வலது கை ஒன்றாலேயே என்னைவிட வேகமாக அடிப்பான். (நான் அடிப்பது கோழி கொத்துகிற மாதிரி.)

அந்தக் கீபோர்டில் வலது பக்க ஷிப்ட் செத்துப்போயிருந்தது. நாங்கள் படித்த பாஸ்கல் என்ற புரோகிராம் பாஷையிலோ கூட்டல், பெருக்கல், அடைப்புக்குறி எல்லாவற்றுக்கும் ஷிப்ட் வேண்டும். ஒரு மதிப்பை எடுத்து வைக்கக்கூட := என்று அடிக்க வேண்டும். முதல் குறிக்கு ஷிப்ட், அடுத்ததற்கு இல்லை. மிச்சமிருந்த இடது ஷிப்டைப் பிடித்துக்கொண்டே இதையெல்லாம் அடிக்க ஒரு கை எட்டாது. ஆகவே அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, அவன் "ம்" என்றால் நான் ஷிப்டை அமுக்குவேன். விட மறந்தால் சமக்குறிக்குப் பதில் கூட்டல் விழும்.

"எங்க பாத்துக்கினு இருக்கற?" என்பான். எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்!

ஒருநாள், "நாமளே ஒரு சின்ன பாஷை பண்ணலாம். அதை பாஸ்கலா மாத்த ஒரு புரோகிராம் எழுதிட்டா போதும்" என்றான். கூட்டலுக்குக் கமா, வட்ட அடைப்புக்குப் பதில் சதுர அடைப்பு என்று ஷிப்ட் தேவைப்படாத குறிகளாகப் பொறுக்கினான். நான் மட்டும், := போய் <- என்ற அம்புக்குறிதான் வர வேண்டும் என்று அடம்பிடித்தேன். அதற்கும் ஷிப்ட் வேண்டுமே!

"அழகா இருக்கும், வேலு."

"அழகு இருக்கட்டும், ஷிப்டை யாரு அமுக்கறது?"

"நான் இல்லியா?"

"எத்தினி நாளைக்கு?"

பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அம்புக்குறியைத்தான் விட்டுக்கொடுத்தேன்.

மாற்றிக்கொடுக்கும் புரோகிராமை பாஸ்கலில்தான் எழுத வேண்டும். அதற்கும் நானே ஷிப்ட் அமுக்கினேன். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

அது ஓடிய அன்று, வேலு தன்னந்தனியாக ஒரு பக்கம் முழுக்க அடித்து முடித்தான். "பாத்தியா, இனிமே உனக்குத் தொந்தரவே இல்ல" என்றான். முகமெல்லாம் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்த் தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

பாஸ்கலும் போயிற்று, அந்த மாடி இப்போது லாட்ஜ். வேலு எந்த ஊரில் இருக்கிறானோ. காபிக் கடைப் பையனுக்கு இடப்பக்கமும் ஒரு நாற்காலி இருந்தது. அதில் அவன் பையை வைத்திருந்தான்.