வேஸ்ட் மூட்டைக்குள் வைத்த டப்பா

2006 மழைக்காலம். திருப்பூர் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எங்கள் காம்பவுண்டில் வெந்நீர் போட எல்லாருக்கும் ஒரே அடுப்புதான். கம்பெனியிலிருந்து கொண்டு வரும் பனியன் வேஸ்ட் துணியைத்தான் எரிப்போம். யார் மூட்டையிலிருந்தும் யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒருநாள் காலையில் கரப்பான் மருந்து ஸ்பிரே தீர்ந்துபோனது. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வெளியே வீசினால் பிள்ளைகள் எடுத்து வாயில் வைக்குமே என்று, டப்பாவை வேஸ்ட் துணியில் நன்றாகச் சுற்றி என் மூட்டைக்கு அடியில் செருகினேன். சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

பதினோரு மணி இருக்கும். துணியில் எண்ணெய்க் கறை போக ஸ்பிரே டின்னால் மருந்து அடிக்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு டெய்லர் பீடி பற்றவைத்தார். சூப்பர்வைசர் கத்தினார்: "யோவ், கம்பெனியவே கொளுத்தப் போறியா? அந்த டின்னு சூடானாலே வெடிக்கும்யா!"

காலையில் நான் மூட்டைக்குள் செருகியதும் அதே மாதிரி ஸ்பிரே டின்தான். அதே காம்பவுண்டில் இருக்கும் எங்கள் வீட்டுச் சொந்தக்கார அக்காவின் மகளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள். குழந்தையைக் குளிப்பாட்ட அக்கா அடுப்பு மூட்டுவது இந்த நேரத்தில்தான்.

பட்டாசு ஆலை வெடித்த சத்தம் கேட்டு வளர்ந்த விருதுநகர் பக்கத்துக்காரி நான். காதுக்குள் அதே சத்தம். கேட் பக்கம் இருந்த ஒரு ரூபாய் போனில் அக்கா வீட்டுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. யாரிடமும் சொல்லாமல் ஓடினேன். தூரத்தில் காம்பவுண்டுக்கு மேலே புகை தெரிந்ததும் இன்னும் வேகமாக ஓடினேன்.

அடுப்பு திகுதிகுவென்று எரிகிறது. என் மூட்டை காலி. எதிரிலேயே அக்கா காலை நீட்டி உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார். குழந்தையைப் பறித்துக்கொண்டு, "ஓடியாங்கக்கா!" என்று தெருவுக்கு ஓடினேன்.

பின்னாலேயே ஓடி வந்தார். "ஏங்கண்ணு, பித்துப் புடிச்சிருச்சா? பச்சப்புள்ளைய இப்பிடியா புடுங்குவே?"

"அடுப்புல டப்பா..." என்று அடுப்புப் பக்கம் காட்டினேன்.

அவர் மதில் சுவரைக் காட்டினார். அதன் மேல் டப்பா நின்றுகொண்டிருந்தது. "வேஸ்ட்டுல ஒடஞ்ச ஊசி கெடக்கும்னு ஒதறிட்டுத்தான் அடுப்புல போடுவேன். இதென்ன, முட்டையாட்டம் பொதிஞ்சு வெச்சிருக்கறே?" என்று சிரித்தார். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

"செரி செரி, அழுவாத. குப்பைத்தொட்டில போட்டுரு."

"அங்கயும் தெனம் தீ வெக்கிறாங்களேக்கா" என்றேன். அவர் சிரிப்பு நின்றுபோனது.

எங்கே போடுவதென்று இரண்டு பேருக்குமே தெரியாமல், ஒரு வாரம் அது சுவர் மேலேயே இருந்தது. கடைசியில் பழைய இரும்புக்காரரிடம், "மருந்து டப்பாண்ணே, நெருப்புப் பக்கம் வச்சிராதீங்க" என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன். "என்னம்மா, பாம் மாதிரி சொல்றே" என்று கேலி செய்தார். ஆனாலும் வண்டியில் தனியாகத்தான் வைத்தார்.

இப்போதெல்லாம் தீர்ந்த பேட்டரி, எரியாத பல்பு எதுவானாலும் தனி வாளியில் சேர்த்து, இன்னதென்று சொல்லித்தான் கொடுக்கிறேன். எனக்குக் குப்பையாகிப்போன ஒன்று அடுத்தவர் கைக்குப் போய் என்ன ஆகும் என்று, அந்த அடுப்பைப் பார்த்த நாளிலிருந்து கேட்காமல் இருக்க முடியவில்லை.